வட்டி எப்போது அசலாகிறது?

பெருக்கலிலும் வகுத்தலிலும் தவறே செய்யாத மாணவன், பின்னக் கணக்கைக் கண்டு அஞ்சாத மாணவன், கூட்டு வட்டி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விட்டத்தைப் பார்ப்பதை உபாத்தியாயர்களாக இருந்தவர்கள் அனைவரும் கண்டிருப்பார்கள். அவனுக்குக் கணிதம் வரவில்லை என்று சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கம். என் அபிப்பிராயம் வேறு. கூட்டு வட்டியில் கணிதம் என்று இருப்பது மிகச் சொற்பம். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கத் தெரிந்தவனுக்கு அதற்குமேல் ஒரு வித்தையும் வேண்டியதில்லை. அவனைத் திகைக்க வைப்பது கணக்கைக் கேட்கும் வாக்கியமே. அசல் எது, வீதம் எந்தக் காலத்துக்குரியது, வட்டி எந்த நாளில் அசலோடு சேர்கிறது, முடிவில் கேட்கப்படுவது தொகையா வட்டியா என்ற நான்கு சங்கதிகளையும் இரண்டு வரிக்குள் அடைத்து, அவற்றுள் ஒன்றிரண்டைச் சொல்லாமலேயே விட்டு, 'காண்க' என்று முடிந்துவிடும் அந்த வாக்கியத்தை வாசிக்கக் கற்றுக்கொடுக்காமல், சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வதால் விளைகிற குழப்பம் அது.

நம் எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்ற தலைப்பின் கீழ்க் கூட்டு வட்டி வருகிறது. தலைப்பு மிகப் பொருத்தமானது. அந்த வகையில் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 'ரூ. 8,000-க்கு ஆண்டுக்கு 10 சதவீத வீதத்தில், அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலுடன் சேர்க்கப்படுமானால், ஒன்றரை ஆண்டுக்குக் கிடைக்கும் கூட்டு வட்டியைக் காண்க.' இதில் நான்கு எண்கள் இருப்பதாகத் தோன்றும். அவற்றுள் 8,000 என்ற ஒன்றைத் தவிர மற்ற எதையும் அப்படியே எடுத்துப் பெருக்க முடியாது. பத்து என்பது ஓராண்டுக்கு உரியது. ஆனால் வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்வதால், ஒவ்வொரு முறையும் சேரப்போவது ஐந்து சதவீதமே. ஒன்றரை என்பது ஆண்டுக் கணக்கு; வட்டி அசலாகிற தடவைகளோ மூன்று. ஆகவே முதல் அரையாண்டு முடிவில் 8,400, இரண்டாவதன் முடிவில் 8,820, மூன்றாவதன் முடிவில் 9,261 என்று தொகை வளர்கிறது. கேட்டது வட்டி என்பதால் அசலைக் கழித்து 1,261 ரூபாய் என்று எழுதவேண்டும். பத்து சதவீதத்தையே மூன்று முறை பெருக்கி 10,648 என்று எழுதுகிற பையன் பெருக்கலில் பிழை செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். வீதமும் தவணையும் ஒரே காலத்தைப் பேசவேண்டும் என்ற நிபந்தனையை அவன் வாசிக்கவில்லை.

இப்போது அதே கணக்கிலிருந்து 'அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலுடன் சேர்க்கப்படுமானால்' என்ற பகுதியை மட்டும் நீக்கிவிட்டுப் பாருங்கள். வாக்கியம் இலக்கண சுத்தமாகத்தான் இருக்கிறது. பொருளும் நிரம்பியிருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் விடை மாறிவிட்டது. ஒன்றும் சொல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை என்று கொள்ளவேண்டும் என்பது பாடப் புத்தகங்களின் சம்பிரதாயம். அதன்படி முதலாண்டு முடிவில் 8,800. எஞ்சிய அரையாண்டுக்கு என்ன செய்வது? முழு ஆண்டு நிறைவதற்கு முன் வட்டி அசலாவதில்லை என்பதால், அந்த ஆறு மாதத்துக்குத் தனிவட்டி போட்டு 440 ரூபாயைச் சேர்க்கவேண்டும் என்பதும் சம்பிரதாயம். மொத்தம் 9,240, வட்டி 1,240. சூத்திரத்திலேயே அடுக்கு எண்ணாக ஒன்றரையைப் போட்டுக் கணிப்பொறியைத் தட்டுகிறவருக்கு வருவது 9,229 ரூபாய் 52 காசு. இம்மூன்று விடைகளில் எது சரி என்பதை எண்கள் தீர்மானிப்பதில்லை. இருந்த ஒரு சொற்றொடரும், இல்லாத ஒரு சொற்றொடரும் தீர்மானிக்கின்றன. இந்தச் சம்பிரதாயங்களை அறியாத புத்திசாலி மாணவனுக்குத்தான் சந்தேகம் வரும். அறியாத சாமானிய மாணவன் ஏதோ ஒரு வழியில் போட்டுவிட்டுப் போய்விடுவான். சந்தேகப்பட்டவனுக்கு மதிப்பெண் குறைகிறது என்பது இந்த ஏற்பாட்டின் விசித்திரம்.

ஆக, கூட்டு வட்டிக் கணக்கு எந்த வேஷத்தில் வந்தாலும் அதனிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: வட்டி எப்போது அசலாகிறது? தனிவட்டியில் அது ஒருபோதும் ஆவதில்லை. அசல் அசலாகவே நிற்க, வட்டி தனியே குவிந்துகொண்டிருக்கும். கூட்டு வட்டியில் குறித்த நாளில் வட்டி தன் பெயரை இழந்து அசலின் பெயரை எடுத்துக்கொள்கிறது. மறுநாள் முதல் அதற்கும் வட்டி உண்டு. அந்த நாள் எது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் கணக்கின் முக்கால் பங்கு முடிந்தது.

மீதிக் கால் பங்கில் வேற்றுமை உருபுகளும் எண்ணுப் பெயர்களும் செய்யும் மாயம் இருக்கிறது. 'இரண்டு ஆண்டுகளுக்கான வட்டி' என்பதும் 'இரண்டாம் ஆண்டுக்கான வட்டி' என்பதும் அவசரத்தில் படிப்பவனுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். நம் 8,000 ரூபாயை ஆண்டுக்கு ஒருமுறை சேரும் 10 சதவீதத்தில் விட்டால், முதலாண்டு வட்டி 800. இரண்டாம் ஆண்டு வட்டி 880. மூன்றாம் ஆண்டு வட்டி 968. எனவே முன்னது 1,680 ரூபாய், பின்னது 880 ரூபாய். 'இரண்டாம் ஆண்டு முடிவில்' என்று கேட்டால் பெரும்பாலும் தொகையைக் கேட்கிறார்கள், அது 9,680. 'எவ்வளவு ஆகும்', 'எவ்வளவு பெருகும்', 'திருப்பிச் செலுத்தவேண்டியது யாது' என்றெல்லாம் வந்தால் தொகை. 'எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்', 'ஈட்டியது எவ்வளவு' என்று வந்தால் வட்டி. '12,100 ரூபாயாக உயர்ந்தது' என்பதற்கும் '2,100 ரூபாய் உயர்ந்தது' என்பதற்கும் நடுவே இருப்பது 'ஆக' என்ற ஒரு துளிதான். அந்தத் துளியில் பத்தாயிரம் ரூபாய் அசல் ஒளிந்திருக்கிறது.

தேர்வு எழுதுகிறவர்களை மிகவும் பயமுறுத்துவது 'வேறுபாடு' கணக்கு. ஒரு தொகைக்கு இரண்டு ஆண்டுகளில் 10 சதவீத வீதத்தில் கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வேறுபாடு 80 ரூபாய். தொகை யாது என்பார்கள். இதற்கென்று தனிச் சூத்திரம் ஒன்றைப் பயிற்சி நிலையங்கள் ஓதுகின்றன, மூன்றாண்டுக்கு வேறொன்று. அவை இல்லாமலே யோசிக்கலாம். முதலாண்டில் இரண்டு வட்டிக்கும் வித்தியாசமே கிடையாது. இரண்டாம் ஆண்டில் அசலுக்கு உரிய வட்டி இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? முதலாண்டு வட்டி இரண்டாம் ஆண்டில் ஈட்டிய வட்டி, அது மட்டுமே. அந்த ஈட்டல் 80 என்றால், ஈட்டிய வட்டித்தொகை 800. 800-ஐ ஈட்டிய அசல் 8,000. மூன்றாண்டாக இருந்தால், முதலாண்டின் 800 இரண்டாண்டு உழைத்து 160-உம், இரண்டாமாண்டில் அசலுக்கு வந்த 800 ஓராண்டு உழைத்து 80-உம் தர, இரண்டாமாண்டில் பிறந்த அந்த 80 தானும் ஓராண்டு உழைத்து 8 தருகிறது, ஆக 248. பேரன் பிறந்துவிட்டான் என்று வகுப்பில் ஒரு தடவை சொல்லிவிட்டால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இந்த 'வேறுபாடு' கணக்கைப் பரீட்சைக்கு அப்பால் யார் போடப்போகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு விடை கிடைத்தது. கொரோனா ஊரடங்கின்போது, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதங்களுக்குக் கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடங்கொடுத்தது. தவணை நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை, அந்த வட்டிக்கும் வட்டி ஏறிற்று. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2020 அக்டோபரில் மத்திய அரசு, இரண்டு கோடி ரூபாய் வரையுள்ள குறிப்பிட்ட வகைக் கடன்களுக்கு, அந்த ஆறு மாதக் கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் தானே ஏற்று, தவணையை ஒழுங்காகக் கட்டியவர்கள் உட்படக் கடன்தாரர்களின் கணக்கில் வரவு வைக்க ஏற்பாடு செய்தது. பின்னர் 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், ஒத்திவைப்புக் காலத்துக்குக் கடன் தொகை எதுவாயினும் வட்டிக்கு வட்டி வசூலிக்கலாகாது, வசூலித்திருந்தால் திருப்பித் தரவோ ஈடுகட்டவோ வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு தேசத்தின் வியவகாரமாகிவிட்டது. பத்து லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், மாதந்தோறும் வட்டி சேர்வதாக வைத்துக்கொண்டால், ஆறு மாதத் தனிவட்டி 45,000. கூட்டு வட்டி 45,852. வேறுபாடு 852 ரூபாய். இவ்வளவுதானா என்று அப்போது பலர் ஏமாற்றமடைந்தார்கள். குறுகிய காலத்தில் கூட்டு வட்டி சாதுவாகவே இருக்கும் என்பதும், அதன் பற்கள் முளைப்பது ஆண்டுகள் பல சென்ற பிறகே என்பதும் அவர்கள் முன்பே ஒரு தடவை கணக்கிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நம் நாட்டில் இவ்விஷயத்தைக் கவனமாகச் சொல்லிக் கேட்கும் மரபு புதிதல்ல. கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபடீயத்தில், கணிதத்துக்கென அமைந்த பகுதியில், வட்டியும் வட்டியின் வட்டியும் சேர்ந்த தொகை தெரிந்தால் மூல வட்டியைக் காணும் முறை கூறப்பட்டிருக்கிறது. அதற்கு 629-இல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தரும் உதாரணத்தின் சாரம் இது: நூறு நாணயத்துக்கு ஒரு மாத வட்டி என்னவென்று தெரியாது, அந்த வட்டியை அதே வீதத்தில் நான்கு மாதம் கடனுக்கு விட்டதில், வட்டியும் அதன் வட்டியும் சேர்ந்து ஆறு நாணயம் ஆயிற்று, மாத வட்டி யாது? விடை ஐந்து. நூற்றுக்கு ஐந்து என்ற வீதத்தில் ஐந்து நாணயம் மாதத்துக்குக் கால் நாணயம் ஈட்டும். நான்கு மாதத்தில் ஒன்று. ஐந்தும் ஒன்றும் ஆறு. விடை காண இருபடிச் சமன்பாடு வேண்டியிருக்கிறது என்பது பண்டிதர்களுக்கு ருசிகரமான செய்தி. எனக்கு அதைவிட ருசிப்பது அக்கேள்வியின் தெளிவு: வட்டி எப்போது அசலாயிற்று, முதல் மாத முடிவில், எத்தனை தடவை, ஒரே தடவை, பிறகு எவ்வளவு காலம், நான்கு மாதம். சம்பிரதாயத்துக்கு விட்டுவைத்தது ஒன்றுமில்லை.

தர்மசாஸ்திரக்காரர்களும் இதே இடத்தில்தான் கண் வைத்தார்கள். மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் வட்டி வகைகளில் சக்கரவிருத்தியை, அதாவது வட்டிக்கு வட்டியை, பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதோடு, கடனைத் தீர்க்க இயலாதவன் வட்டியையாவது செலுத்திப் புதுப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம், அதற்கும் இயலாவிட்டால் வட்டியையும் புதுப் பத்திரத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்றும் வழி சொல்கிறது. இது ஏதோ பழங்கதை என்று நினைக்கவேண்டாம். புரோநோட்டுக் கடனுக்கு வழக்குத் தொடுக்கக் காலவரம்பு மூன்று ஆண்டு. ஆகையால் மூன்றாம் ஆண்டு நிறைவதற்குள் நோட்டைப் புதுப்பித்து எழுதி வாங்குவது நம் ஊர்களில் சகஜம். நோட்டில் தனிவட்டிதான் எழுதியிருக்கும். ஆனால் புதுப்பிக்கும்போது அதுவரை சேர்ந்த வட்டியை அசலோடு கூட்டி, கூட்டிய தொகையையே அசலாக எழுதிவிடுவார்கள். லட்ச ரூபாய்க்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால், மூன்றாண்டில் வட்டி 72,000. புது நோட்டில் அசல் 1,72,000. இன்னும் மூன்றாண்டு கழித்துக் கடன் 2,95,840. ஒரே நோட்டாக ஆறாண்டுத் தனிவட்டி கணக்கிட்டிருந்தால் 2,44,000 மட்டுமே. ஐம்பத்தோராயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் வித்தியாசத்துக்கும், 'கூட்டு வட்டி' என்ற சொல் இரண்டு நோட்டிலும் எங்குமே இல்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலாகிறது என்ற நிபந்தனை எழுதப்படாமலேயே அமலாகிவிட்டது.

ஊர்ப்புற வட்டிப் பேச்சில் வேறொரு சங்கதியும் உண்டு. "ரெண்டு வட்டிதானே அண்ணே?" என்று கேட்பவரும், "ஆமாப்பா, ரெண்டுதான்" என்று சொல்பவரும் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்பதை இருவருமே அறிவார்கள், வங்கியிலோ பாடப் புத்தகத்திலோ இரண்டு என்றால் ஆண்டுக்கு இரண்டு. பட்டணத்தில் படித்துவிட்டு வந்த பையன் 'ரெண்டு வட்டி' வங்கி வட்டியைவிட மலிவு என்று நினைத்துவிட்டால் அவன்மீது குற்றமில்லை. தனிவட்டியாக அது ஆண்டுக்கு 24. மாதந்தோறும் அசலோடு சேர்ந்தால் 26.82. அசல் எது என்பதிலும் ஊரில் தகராறு உண்டு. முன்வட்டி பிடித்துக்கொண்டு கொடுக்கும் கடனில், எழுதிக்கொடுப்பது பத்தாயிரம், கைக்கு வருவது ஒன்பதாயிரம்; பயன்படுத்தாத ஆயிரம் ரூபாய்க்கும் கடன் வாங்கியவர் வட்டி கொடுத்துக்கொண்டிருப்பார். இத்தகைய வழிகளுக்கெல்லாம் மக்கள் வைத்திருந்த பெயர்களையே 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் எடுத்துக்கொண்டு, நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று வரிசையாகக் குறிப்பிட்டுத் தண்டனை விதித்தது.

சேமிப்புப் பக்கம் வந்தாலும் வாசிப்பில் ஜாக்கிரதை தேவை. அஞ்சலகத்தின் காலவரை வைப்புக்கு, வட்டி காலாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்பட்டு ஆண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் என்று விதி. ஒரே வாக்கியத்தில் இரண்டு காலங்கள்! ஐந்தாண்டு வைப்புக்கு 7.5 சதவீதம் என்று கொண்டால், பத்தாயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 750 அல்ல, 771 கிடைக்கும். ஆண்டுக்குள் மூன்று முறை வட்டி அசலோடு சேர்ந்ததன் பலன் அந்த 21 ரூபாய். ஆனால் ஆண்டு முடிவில் வட்டி நம் கைக்கு வந்துவிடுவதால் அடுத்த ஆண்டும் அதே 771-தான். முதல் பாதியை வாசித்தவர் ஐந்தாண்டும் கூட்டு வட்டி என்று நினைப்பார். இரண்டாம் பாதியை வாசித்தவர் தனிவட்டி என்று நினைப்பார். இரண்டும் பாதி உண்மை. தேசிய சேமிப்புப் பத்திரம் இதற்கு நேர்மாறு: வட்டி ஆண்டுதோறும் அசலோடு சேர்ந்து முதிர்வில் மட்டுமே வழங்கப்படும். 7.7 சதவீதமாக இருக்கும்போது ஆயிரம் ரூபாய் ஐந்தாண்டில் 1,449 ஆகிறது, தனிவட்டியானால் 1,385.

'இரட்டிப்பு' என்ற வசீகரமான சொல்லும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 1988-இல் கிசான் விகாஸ் பத்திரம் வெளிவந்தபோது, போட்ட பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பாகும் என்பதே அதன் பெருமை. நூற்றை ஐந்தரையால் வகுத்து ஆண்டுக்கு 18 சதவீதத்துக்குமேல் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை சேரும் கூட்டு வட்டியாகப் பார்த்தால் அது 13.43 சதவீதம். இன்னும் நல்ல வட்டிதான், ஆனால் பதினெட்டு அல்ல. இதே பத்திரம் 7.5 சதவீத வீதத்தில் இரட்டிப்பாக 115 மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. தேர்வில் கேட்பதுண்டு: ஐந்தாண்டில் இரட்டிப்பாகும் தொகை எத்தனை ஆண்டில் எட்டு மடங்காகும்? தனிவட்டி என்றால் முப்பத்தைந்து ஆண்டு. கூட்டு வட்டி என்றால் பதினைந்தே ஆண்டு. எந்த வட்டி என்று கேள்வியில் இல்லாவிட்டால் விடை எழுதாமல் கேள்வியைத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம். எந்தத் தேர்வு அதிகாரி அதற்கு மதிப்பெண் போடுவார் என்பது வேறு விஷயம்.

வட்டி அடிக்கடி அசலானால் பணம் அளவில்லாமல் பெருகாதோ என்ற சந்தேகம் பெரிய மேதைகளுக்கே வந்திருக்கிறது. 1683-இல் சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலி இதை ஆராய்ந்தார். ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு நூறு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால் முடிவில் 2 ரூபாய். அரையாண்டுக்கு ஒருமுறையானால் 2.25, காலாண்டுக்கு 2.44, மாதத்துக்கு 2.61, நாள்தோறும் சேர்ந்தால் 2.71. வினாடிதோறும் சேர்த்தாலும் 2.71828... என்ற எல்லையைத் தாண்டாது. பின்னாளில் ஆய்லர் பெயரோடு புகழ்பெற்ற அந்த எண், கணிதத்தின் மிக உயர்ந்த மாடங்களில் எல்லாம் இன்று வீற்றிருப்பது; அது முதலில் எட்டிப்பார்த்தது ஒரு வட்டிக் கணக்கில். நமக்கு இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. 'நாள்தோறும் கூட்டு வட்டி' என்று விளம்பரம் வந்தால் மயங்கவேண்டியதில்லை: லட்ச ரூபாய்க்கு 7 சதவீதத்தில் காலாண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால் ஆண்டு வட்டி 7,186, நாள்தோறும் சேர்ந்தால் 7,250. அறுபத்து நான்கு ரூபாய்தான் அந்த விளம்பரத்தின் விலை. வீதம் கால் சதவீதம் கூடுதலாக இருக்கும் வேறு வங்கி அதைவிட மேல்.

மக்கள்தொகைப் பெருக்கம், இயந்திரத் தேய்மானம் என்று வருகிற கணக்குகளும் கூட்டு வட்டியின் உறவினர்களே. அவற்றில் வழுக்குமிடம் 'முன்பு' என்ற சொல். நகரத்தின் மக்கள்தொகை இப்போது 44,100, ஆண்டுதோறும் 5 சதவீதம் பெருகுகிறது, இரண்டாண்டுக்கு முன்பு எவ்வளவு என்றால், இப்போதைய எண்ணிலிருந்து ஐந்தைந்து சதவீதமாகக் கழிப்பவருக்கு 39,800 என்று வரும். பெருகியது பழைய எண்ணின் மேல் அல்லவா? ஆகவே வகுக்கவேண்டும், விடை 40,000.

கடைசியாக, சொல்லப்படாத சொற்றொடர் மிகுந்த கேடு விளைவிக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லட்ச ரூபாய்க் கடன், 'ஃபிளாட்' 10 சதவீதம், பன்னிரண்டு மாதத் தவணை என்பார்கள். லட்சத்துக்குப் பத்தாயிரம் வட்டி சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 9,167 ரூபாய் கட்டச் சொல்வார்கள். பத்து சதவீதம் என்பது பொய்யல்ல. ஆனால் மாதாமாதம் அசலில் ஒரு பகுதி திரும்பிக்கொண்டே இருக்க, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஆண்டு முழுவதும் கணக்கிடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவையின்மேல் கணக்கிட்டால் அதே தவணைக்கு வட்டி வீதம் ஏறத்தாழ 18 சதவீதம். கடன் அட்டையில் நிலுவை வைத்தால் மாதம் 3.5 சதவீதம் என்று இருக்கட்டும். பன்னிரண்டால் பெருக்கி 42 என்று நினைப்போம். மாதந்தோறும் அசலாவதால் அது 51 சதவீதத்தைத் தாண்டுகிறது.

பாடப் புத்தகம் எழுதுவோருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒருமுறைதான் வட்டி அசலோடு சேர்கிறது என்றாலும், ஒவ்வொரு கணக்கிலும் அந்தச் சொற்றொடரை எழுதிவிடுங்கள். அரை வரி இடம்தான் செலவாகும். சொல்லாததை ஊகித்துக்கொள்ளப் பழகிய பிள்ளை, நாளை கடன் பத்திரத்தில் சொல்லாமல் விட்டதையும் தனக்குச் சாதகமாக ஊகித்துக்கொண்டு கையெழுத்திடும். கடன் வாங்கப்போகும் வாசகர்களுக்கு ஒரு செய்தியும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் தரும் தவணைக் கடன்களில், கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீத வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைத் தமிழில் கேட்டு வாங்குங்கள்; வாங்கி, வட்டி எந்த நாளில் அசலோடு சேர்கிறது என்பது அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பேனாவை எடுங்கள்.